எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கோங்க

2021-இல் என் தங்கைக்கு ஏழாவது மாதம். கொரோனா தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். “உங்க விருப்பம்தாம்மா” என்றார். ஊசி போடும் இடத்தில் கேட்டால், “எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கோங்க.” இப்படி இங்கேயும் அங்கேயுமாக அலைந்ததில் ஆறு வாரம் போயிற்று. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. உறுதியாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. ஏன் இல்லாமல் போனது என்பதுதான் என் ஆத்திரம்.

2020-இல் நடந்த முதல் பெரிய தடுப்பூசிப் பரிசோதனைகளில் பல்லாயிரம் பேரைச் சேர்த்தார்கள். கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைரஸ் பிள்ளைத்தாய்ச்சி என்று பார்த்து ஒதுங்கிப் போகுமா என்ன?

ஒதுங்காது என்பது பழைய செய்தி. 1918 ஃப்ளூவில் அமெரிக்காவில் 1,350 கர்ப்பிணிகளைப் பற்றித் திரட்டிய கணக்கு இருக்கிறது. பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது, வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். 2009 பன்றிக் காய்ச்சலின்போது அதே நாட்டு மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1%, இறந்தவர்களில் சுமார் 5%. அதனால் 2020-இல் யாரும் ‘எதிர்பார்க்கவில்லை’ என்று சொல்ல முடியாது.

கொரோனா தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றுவது அபூர்வம். அதைக் கேட்டு நானும் அப்பாடா என்றுதான் இருந்தேன். அப்புறம்தான் நஞ்சுக்கொடியைப் பற்றிப் படித்தேன். பஞ்சு போன்ற உறுப்பு அது. அதன் இடுக்குகளில் தாயின் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குழந்தைக்கு ஆக்சிஜன் அந்த வழியாகத்தான். சிலருக்கு வைரஸ் அங்கே இறங்கி, ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருள் அந்த இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது, சுற்றியுள்ள செல்கள் செத்துப்போகின்றன. 12 நாடுகளில் இப்படிப் பறிபோன 68 சிசுக்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்ததில், சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் சேதமாகியிருந்தது. குழந்தையை வைரஸ் தொடவே வேண்டியதில்லை. மூச்சு வரும் வழியை அடைத்தால் போதும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில், 2021 செப்டம்பர் வரையான பிரசவங்களில் தொற்று இல்லாதவர்களுக்கு ஆயிரத்துக்கு சுமார் 6 குழந்தைகள் இறந்து பிறந்தன, தொற்று இருந்தவர்களுக்கு 12-க்கு மேல். உருமாறிய டெல்டா வைரஸ் பரவிய மாதங்களில் அபாயம் நான்கு மடங்கு. தடுப்பூசி உதவியதா? ஸ்காட்லாந்தில் 2021 அக்டோபர் வரை பார்த்ததில், தீவிர சிகிச்சைக்குப் போன கொரோனா கர்ப்பிணிகளில் 98% பேர் ஊசி போடாதவர்கள். தாய்க்குத் தொற்று வந்தபின் இறந்த குழந்தைகள் அத்தனை பேரின் தாய்மார்களும் அப்படியே.

டெல்டா வருவதற்கு முன்பே இந்தப் பதில்களில் பாதியாவது கையில் இருந்திருக்கலாம். விலங்குச் சோதனையைச் சீக்கிரம் முடித்து, விரும்பி வரும் கர்ப்பிணிகளைக் கடைசிக் கட்டத்திலாவது சேர்த்திருந்தால். சேர்க்காததால் ஆபத்து குறையவில்லை. பரிசோதனையில் கண்காணிப்போடு எடுக்க வேண்டிய முடிவு, ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் தனித்தனியாக வந்து விழுந்தது.

தங்கை கடைசியில் போட்டுக்கொண்டாள். படிவத்தில் ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா’ என்ற கட்டம் வந்ததும் பேனாவை அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிப்பதுபோல் நின்றிருந்தேன்.