பயப்படாதே என்று புது நர்ஸிடம் சொல்லாதீர்கள்

வார்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதம்மா, போகப் போகச் சரியாயிடும்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் சில மாதங்களில் ஒரு புது நர்ஸுக்குப் பயமே வரவில்லை என்றால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. சிரிஞ்சும் தனித்தனி: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை, அதாவது அரை மில்லி, இழுத்தால் நோயாளிக்குப் போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி ஆள் நினைவிழந்து போகலாம். அந்த இடத்தில் "சரியாத்தான் எடுத்திருக்கேனா?" என்று ஒரு கணம் கை நிற்கிறதே, அதற்குத்தான் நமக்குச் சம்பளமே என்பேன். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின், பொட்டாசியம் ஊசி இவற்றையெல்லாம் இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்ற விதி சீனியர்களுக்கும் சேர்த்துத்தான்.

சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்க முடிகிற வரைக்கும் அதனால் கெடுதல் இல்லை. "இதுகூடத் தெரியாதா, எந்தக் காலேஜ்ல படிச்ச?" என்று அட்டெண்டர்கள் முன்னால் வைத்துக் கேட்கும் வார்டு இன்சார்ஜ் நர்ஸ் இருந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை கேட்காது. ஹாஸ்டலுக்குப் போய், ஏழாம் பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டோமா, வெறும் கையெழுத்து மட்டும் போட்டோமா என்று விடியும்வரை புரண்டுகொண்டிருக்கும். "நாங்க வாங்காத திட்டா?" என்று கேட்கும் சீனியர்கள் உண்டு. வாங்கினோம்தான். அதனால் வேலை கற்றோமா, கேட்காமல் இருக்கக் கற்றோமா என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

படிப்பில் சொல்லித் தந்ததும் வார்டில் நடப்பதும் மோதும்போது புது நர்ஸுக்கு வரும் அதிர்ச்சியைப் பற்றி அமெரிக்காவின் மார்லீன் கிரேமர் 1974லேயே ஒரு புத்தகம் முழுக்க எழுதிவிட்டார். நம் ஊரில் அந்த மோதல் இன்னும் பலமாக இருக்கும். காலேஜில் ஒரே ஒரு நோயாளியை எடுத்து, நாள்கணக்கில் கேர் பிளான் எழுதுகிறோம். வேலைக்கு வந்தால் நைட் டூட்டியில் இருபது முப்பது பேருக்கு ஒரு ஸ்டாஃப். இந்திய நர்ஸிங் கவுன்சில் சொல்லும் அளவு என்ன தெரியுமா? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். ஆகவே டூட்டி முடியும் நேரத்தில் பாதி வேலை நிற்கிறதே, நான் இதற்கு லாயக்கில்லையோ என்று தோன்றினால், முதலில் அன்றைக்கு எத்தனை பெட், எத்தனை ஸ்டாஃப் என்று எண்ணிப் பாருங்கள். ஆள் பற்றாக்குறையை உங்கள் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, அவசரம். மூன்று மாதம் ஆகியும் சீனியர் அக்கா மாதிரி ஒரே குத்தில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட வரவில்லை என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நர்ஸ்கள் தேர்ச்சி பெறும் படிநிலைகளை 1984ல் எழுதிய பாட்ரிசியா பென்னர், வேலை ஓரளவு பிடிபட்டுவிட்டது என்ற நிலை வருவதற்கே, ஒரே மாதிரியான இடத்தில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்கிறார். அதற்கு மேல் இன்னும் இரண்டு படி இருக்கிறது!

புதியவர்களை அதிகம் நடுங்கவைப்பது ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவதுதான். திட்டுவாரோ என்று அரைமணி நேரம் தள்ளிப்போடுவார்கள். இதற்கு மனதைத் தேற்றுவதைவிட ஒரு பழக்கம் கைகொடுக்கும். போனை எடுப்பதற்கு முன் பிபி, பல்ஸ், ஆக்ஸிஜன் அளவு, காய்ச்சல், தேவைப்பட்டால் சர்க்கரை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு, கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மோசமாக இருந்தால் இதற்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். யார் பேசுகிறேன், எந்த பெட், இப்போது என்ன ஆகிறது. எதற்காக அட்மிட் ஆனவர். எனக்கு என்ன தோன்றுகிறது. நீங்கள் வந்து பார்க்கவேண்டுமா, மருந்து சொல்கிறீர்களா. இந்த வரிசையில் பேசினால் குரல் நடுங்கினாலும் விஷயம் போய்ச் சேரும். அவர் சொன்ன மருந்தையும் அளவையும் திரும்பப் படித்துக் காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டுதான் போனை வைக்கவேண்டும். அப்புறம் அவர் எரிந்து விழுந்தால் விழட்டும், எத்தனை மணிக்குத் தகவல் சொன்னோம் என்பது நோட்ஸில் இருக்கும்.

சம்பளத்தைச் சொல்லாமல் மன அழுத்தம் பற்றி மட்டும் பேசுவது பாசாங்கு. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு 2016ல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் இன்றைக்கும் அது கையில் வருவதில்லை. கல்விக் கடன் ஒரு பக்கம், இடையில் வேலையை விடாமல் இருக்க, பாண்ட் என்று ஆஸ்பத்திரி வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஒரு பக்கம். இந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் தியானம் செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயம் எல்லை தாண்டுவதும் உண்டு. ஆஃப் நாளிலும் தூக்கம் வரவில்லை, டூட்டி நேரம் நெருங்கினாலே குமட்டுகிறது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் தனியாக வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நோயாளிகளுக்கு அந்த எண்ணை எழுதிக்கொடுக்கும் நாமே கூப்பிடத் தயங்குகிறோம்.

இதைப் படிக்கும் இன்சார்ஜ்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாத டூட்டி லிஸ்ட் போடும்போது இரண்டு புது ஸ்டாஃபை ஒரே நைட்டில் தனியாக விடாதீர்கள். கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிற சீனியர் யார் என்று உங்களுக்கே தெரியும், முதல் சில வாரங்களுக்கு அவரோடு போடுங்கள். ஆள் இல்லை என்பீர்கள், தெரியும். இருக்கிற ஆளை மாற்றிப் போட்டாலே பாதி நடக்கும். மீதிக்கு, ஆள் கேட்டு மேலே எழுதுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.