முதலில் பணத்தைக் கொடுங்கள், சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

கோவிட் இனி சர்வதேச அவசர நிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5 அன்று. அன்றைக்கும் வாடகை பாக்கி பாக்கியாகத்தான் இருந்தது. ஊரடங்கில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொற்றில் போன உடம்பு பழையபடி திரும்பாதவர்கள் முன்பு பார்த்த வேலையில் பாதியைத்தான் பார்க்க முடிந்தது. அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடும் குடும்பங்களுக்குத் தொற்று உச்சத்தில் இருந்த மாதங்களைவிட அதற்கடுத்த வருடங்கள்தான் கழுத்தை நெரித்தன. காரணம் எளிது. ஊரே முடங்கிக் கிடந்தபோது கடன் கொடுத்தவரும் வீட்டுக்காரரும் கொஞ்சம் பொறுத்தார்கள், அல்லது பொறுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. ஊர் திறந்ததும் எல்லோரும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டினார்கள்.

அமெரிக்காவில் வாடகை பாக்கிக்காக யாரையும் வெளியேற்றக் கூடாது என்று மத்திய அரசு போட்டிருந்த தடையை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 26 அன்று நீக்கியது. தடை இருந்த காலத்தில் வாடகை தள்ளுபடி ஆகவில்லை. மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. தடை போனதும் அத்தனையும் மொத்தமாக வந்து விழுந்தது.

அதனால்தான், "தொற்றுதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு நிவாரணம்?" என்று கேட்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தொற்றுக்குப் பிறகு உள்ளாட்சிகள் கொடுக்கும் பண உதவியைத் தாமதமாக வந்த தர்மம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சரியான நேரத்தில் வரும் உதவி. கொடுக்கலாமா வேண்டாமா என்ற விவாதமே எனக்கு இல்லை. எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏழை என்பதை ஏழையே நிரூபிக்க வேண்டும் என்று வைத்தால், அந்தத் திட்டம் பாதி செத்துப் பிறக்கிறது. நிரூபிக்கும் வேலையை உள்ளாட்சி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சும்மா ஆவேசத்தில் சொல்லவில்லை. ஜப்பானில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் ஜப்பான் அரசு முதலில் அறிவித்தது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் யென். யாருக்கு எவ்வளவு குறைந்தது, எந்த மாதத்தோடு ஒப்பிடுவது, யார் சான்று தருவது என்று ஆயிரம் கேள்வி. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்திலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஆளுக்கு 1 லட்சம் யென் என்று மாற்றினார்கள். 2020 ஏப்ரல் 27 அன்று குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். பதிவு செய்து வாழும் வெளிநாட்டவருக்கும் உண்டு. வருமானக் கேள்வியே கிடையாது. கொடுக்கும் பொறுப்பு முழுக்க 1,741 நகராட்சிகள், கிராமங்கள், டோக்கியோவின் வட்டங்கள் தலையில் வந்தது.

இரண்டு வழிகளில் விண்ணப்பிக்கலாம்: அரசு அடையாள அட்டையை வைத்து இணையத்தில், அல்லது தபாலில். ஜப்பான் ஆயிற்றே, இணையம்தான் வேகமாக இருந்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். இணைய விண்ணப்பத்தில் குடும்பத்தினர் பெயரை விண்ணப்பிப்பவரே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அது குடியிருப்புப் பதிவேட்டோடு தானாக ஒத்துப் பார்க்கப்படவில்லை. எழுத்துப் பிழைகள், ஒருவரே பலமுறை அனுப்பியவை என்று குவிந்தன. நகராட்சி ஊழியர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பதிவேட்டோடு வைத்துக் கண்ணால் சரிபார்த்தார்கள். கடைசியில் பல ஊர்கள் இணைய வழியையே மூடிவிட்டு, தபாலில் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டன.

தபால் ஏன் ஓடியது? அந்தத் தாளில் குடும்பத்தினர் பெயர்களை நகராட்சியே அச்சடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. வங்கிக் கணக்கு எண்ணை எழுதி, இரண்டு நகல்களை இணைத்துத் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உள்ளாட்சிக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை மக்களிடம் மறுபடி கேட்காத வழி பிழைத்தது, கேட்ட வழி திணறியது. நான் சொல்ல வருவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதே தாளில் ஒரு சின்னக் கட்டமும் இருந்தது. பணம் வேண்டாம் என்பவர்கள் மட்டும் தங்கள் பெயருக்கு நேரே அதில் குறி போட வேண்டும். பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தைப் பார்த்தால் மனிதர் என்ன செய்வார்? குறி போடுவார். வேண்டும் என்று நினைத்து, வேண்டாம் என்று குறித்துவிட்டவர்கள் உண்டு. வயதானவர்களை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்து, பொறுப்பாக எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் ஒருவர், அந்தப் பொறுப்பினாலேயே தன் பணத்தை இழக்கக்கூடும். ஊழியர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால்தான் அது சரியாகும். படிவம் வடிவமைக்கிறவர்கள் இதை ஒரு சின்ன விஷயமாக நினைக்கவே கூடாது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. ஆளுக்கு 1 லட்சம் என்று கணக்குப் போட்டார்கள், ஆனால் அத்தனை பேருடைய பணத்தையும் குடும்பத் தலைவர் கணக்கில்தான் போட்டார்கள். கணவனின் அடிக்குப் பயந்து பிள்ளைகளோடு வெளியேறி, வேறு ஊரில் ஒளிந்து வாழும் பெண்ணின் பெயர் பதிவேட்டில் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கும். அவள் பணமும் பிள்ளைகள் பணமும் அவனிடம் போகும். இது முன்கூட்டியே பேசப்பட்டதால், அப்படிப்பட்டவர்கள் தாங்கள் இப்போது இருக்கும் ஊரின் நகராட்சியில் தனியாகச் சொல்லிப் பெறலாம் என்று வழி வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒளிந்து வாழ்பவள் ஓர் அலுவலகத்துக்குப் போய்த் தன் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆரம்பத்திலேயே ஆளுக்கு நேராகக் கொடுத்திருந்தால் அந்த நடை தேவைப்பட்டிருக்காது. தெருவில் படுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். முகவரி இல்லாதவருக்குப் பதிவேடு இல்லை, பதிவேடு இல்லாதவருக்குப் பணம் இல்லை. எல்லோருக்கும் என்று அறிவித்த திட்டத்தில், எல்லோரிலும் அதிகம் தேவைப்பட்டவர் வெளியே நின்றார்.

பதிவேட்டில் இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிக்கத் தலைநகரத்தால் முடியாது. எந்தப் பாலத்தடியில் யார் படுக்கிறார்கள், எந்த மாடியில் தனியாக ஒரு முதியவர் இருக்கிறார் என்பது அந்தந்த வட்டத்தின் துப்புரவுப் பணியாளருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் தெரியும். தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போனவர்கள் அவர்கள்தான். அந்த அறிவு உள்ளாட்சியிடம் மட்டுமே இருக்கிறது. பண உதவியை உள்ளாட்சியிடம் விட வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுதான் முதல் காரணம்.

தென்கொரியாவின் கியோங்கி மாகாணம் வேறொரு பாதையில் போனது. 2020-இல் மாகாணவாசிகள் எல்லோருக்கும், சுமார் 1.3 கோடிப் பேருக்கு, ஆளுக்கு 1 லட்சம் வொன். அப்போது ஆளுநராக இருந்தவர் லீ ஜே-மியுங். அதை உள்ளூரில் மட்டும் செல்லும் பணமாகக் கொடுத்தார்கள்: மூன்று மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும், பெரிய அங்காடிகளில் செல்லாது. சிறு வணிகர்கள் பிழைக்க அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் நலிந்தவருக்கான உதவி என்று பார்த்தால் எனக்கு ஒரு குறை உண்டு. வாடகை பாக்கியையும் கடனையும் அப்படிப்பட்ட பணத்தால் அடைக்க முடியாது. எதற்குச் செலவழிப்பது என்பதைக் கஷ்டத்தில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் விடுபட்டார்கள். 2021-இல் வந்த இரண்டாம் சுற்றில் பதிவு பெற்ற வெளிநாட்டவரையும் சேர்த்தார்கள். விட்டதைத் திருத்திக்கொண்ட நிர்வாகம் என்பதால் அதைப் பாராட்டுகிறேன்.

"தகுதியில்லாதவனும் வாங்கிவிடுவானே?" இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. வாங்குவார்கள்தான், சிலர். ஆனால் அந்தச் சிலரைத் தடுக்கப் போடும் வேலியில் யார் மாட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து, தனிமைப்படுத்திக்கொள்ளச் சொல்லப்பட்ட குறைந்த வருமானத்தாருக்கு 500 பவுண்டு தரும் வேலையை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியாதவராக இருக்க வேண்டும், குறிப்பிட்ட அரசு உதவிகளில் ஒன்றை ஏற்கெனவே பெறுபவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மன்றம் பார்த்து முடிவு செய்யும். ஏராளமான மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே சம்பாதித்தவருக்கு மிஞ்சிய வழி, தொற்றோடு வேலைக்குப் போவது. தகுதியில்லாத ஒருவருக்கு 500 பவுண்டு போயிருந்தால் அரசுக்கு 500 பவுண்டு நட்டம். தகுதியுள்ள ஒருவருக்கு மறுத்ததால் எத்தனை பேருக்குத் தொற்று பரவியிருக்கும்?

"கையில் காசு கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்" என்பது அடுத்தது. இதைச் சொல்பவர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றி இப்படி யாராவது பேசினால் பொறுப்பார்களா? கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், மைக்கேல் டப்ஸ் மேயராக இருந்தபோது, 2019 பிப்ரவரியிலிருந்து 125 பேருக்கு மாதம் 500 டாலர், இரண்டு வருடம், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுக்கப்பட்டது. மது, புகையிலைக்குப் போனது 1 சதவீதத்துக்கும் குறைவு. முதல் வருடத்தில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தார்கள். பணம் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் அது 32-லிருந்து 37. சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பெழுத முடியாது. ஆனால் சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள் என்பவர்கள் பக்கம் இதற்கு எதிராக வைக்க என்ன இருக்கிறது?

பணம் ஏது என்ற கேள்வியைத்தான் நான் உண்மையில் மதிக்கிறேன். உள்ளாட்சிகளிடம் பணம் இல்லை, மேலிருந்து வந்தால்தான் உண்டு. 2021 மார்ச்சில் அமெரிக்கா இயற்றிய மீட்புச் சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதை வைத்துப் பல நகரங்கள் நேரடிப் பண உதவியைத் தொடங்கின. சிகாகோ நகரம் 5,000 குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர் ஒரு வருடம் கொடுத்தது. அந்நகரம் இருக்கும் மாவட்டமான குக் கவுன்டி 3,250 பேருக்கு அதே தொகையை இரண்டு வருடம் கொடுத்தது. குக் கவுன்டிக்கு விண்ணப்பித்தவர்கள் 2,33,000-க்கும் மேல். ஓர் இடத்துக்கு 70 பேருக்கு மேல். குலுக்கல் போட்டார்கள்.

குலுக்கல் நேர்மையானதுதான். சிபாரிசு இல்லை, கட்சி இல்லை, தெரிந்தவர் தெரியாதவர் இல்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு மாதம் 500, இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. இரண்டு வீட்டு வாடகையும் ஒன்று, கடனும் கிட்டத்தட்ட ஒன்று. 3,250 பேருக்கு 500 என்பதைவிடப் பத்து மடங்கு பேருக்கு 50 கொடுத்திருக்கலாமே என்றால், 50 டாலரில் யார் வாழ்க்கையும் திரும்பாது. ஆக, குற்றம் குலுக்கலில் இல்லை, போதாத நிதியில். அதை வைத்துக்கொண்டு வெற்றித் திட்டம் என்று மேடையில் பேசும்போது, குலுக்கலில் விழாத 2,30,000 பேரையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிரேசிலின் மரிகா என்ற ஊர் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் கடலோரத்தில் இருக்கிறது, கச்சா எண்ணெய் எடுப்பதற்கான உரிமத் தொகை வருகிறது. அந்த ஊருக்கென்று மும்புக்கா என்ற உள்ளூர்ப் பணமும் அதை நடத்தும் சமூக வங்கியும் தொற்றுக்கு வெகு முன்பே இருந்தன. சுமார் 42,000 பேருக்கு மாதம் 130 மும்புக்கா போய்க்கொண்டிருந்தது. 2020 ஏப்ரலில் அதை 300 ஆக்கினார்கள். புதிதாக மனு வாங்கவில்லை, வரிசையில் நிறுத்தவில்லை. எல்லாம் தயாராக இருந்ததால் தொகையை உயர்த்துவது மட்டும்தான் வேலை. உள்ளூர்ப் பணத்தில் நான் மேலே சொன்ன குறை இதிலும் உண்டு, மூன்று வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி புதிதாக வந்தவர்களை வெளியே வைத்தது. ஆனால் வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு படகு கட்டிக்கொண்டிருக்கவில்லை அந்த ஊர்.

எண்ணெய்ப் பணம் எல்லா ஊருக்கும் வராது. பட்டியலும் கணக்கும் தயாராக வைத்திருக்க எண்ணெய் தேவையில்லை. தொற்றுக் காலத்தில் எத்தனையோ ஊர்களில் பெயர், கணக்கு எண், தொலைபேசி எண் என்று திரட்டினார்கள். கடைசித் தவணை போனதும் பல இடங்களில் அந்தக் கோப்பு மூடப்பட்டது. அடுத்த வெள்ளத்துக்கோ அடுத்த தொற்றுக்கோ மறுபடி முதலிலிருந்து மனு வாங்குவார்கள். இங்கிலாந்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய குடும்ப ஆதரவு நிதி திரும்பத் திரும்பக் குறுகிய காலத்துக்கு நீட்டிக்கப்பட்டது. இது தொடருமா நிற்குமா என்று தெரியாமல் எந்த மன்றமும் நிரந்தரமாக ஆள் போட்டு, பட்டியலைப் புதுப்பித்து வைத்திருக்க முடியாது. உதவி பெறும் குடும்பமும் அடுத்த மாதத்தை நம்பித் திட்டமிட முடியாது.

குக் கவுன்டி, மீட்புச் சட்ட நிதி தீர்ந்தபிறகும் நிறுத்தாமல், தன் 2025 பட்ஜெட்டில் சொந்த நிதியிலிருந்து 75 லட்சம் டாலர் ஒதுக்கியது. முன்பு செலவழித்த 4.2 கோடியோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. ஆனால் அது அந்த ஆண்டு வரவுசெலவில் ஒரு வரியாக ஏறியது. அந்த ஒரு வரிக்காகத்தான் ஒவ்வொரு ஊரிலும் மக்கள் பிரதிநிதியை நெருக்க வேண்டும் என்கிறேன். பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பே போய்க் கேளுங்கள்: கடந்த முறை திரட்டிய பட்டியல் எங்கே இருக்கிறது, யார் புதுப்பிக்கிறார்கள், முகவரி இல்லாதவர்கள் அதில் எத்தனை பேர், குடும்பத் தலைவர் கணக்குக்குப் பதிலாக ஆளுக்கு நேராகப் பணம் போட ஏற்பாடு உண்டா, மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்களா. பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.