இன்று 3

வசந்தி: என்னங்க, நாம ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் பால் வாங்குறோம்?

ராகவன்: இரண்டு. ஏன்?

வசந்தி: பின்னே நோட்டில் தினமும் ‘இன்று 3’ என்று போட்டிருக்கே? அதைப் பார்த்துத்தான் பாக்கெட் போடுற தம்பிக்குப் பதினோரு நாளைக்கு மூணு மூணாகக் கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தேன்.

ராகவன்: ஐயோ, அது பால் இல்லை. சந்தோஷம்.

வசந்தி: என்னது?

ராகவன்: அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதணும். ஆபீஸில் பயிற்சி கொடுத்தாங்களே, அன்றாட வாழ்க்கையில் ஆனந்தமாக இருப்பது எப்படி என்று.

வசந்தி: ரெண்டாம் சனிக்கிழமை லீவைப் பிடுங்கிக்கொண்டு நடத்தினாங்களே, அதுவா?

ராகவன்: அதேதான்.

வசந்தி: அந்த லீவைக் கொடுத்திருந்தால் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது. சரி, எழுதுறதுதான் எழுதுறீங்க, பால் கணக்கு நோட்டுதான் கிடைத்ததா?

ராகவன்: கைக்கு அகப்பட்டது அதுதான். இதை லேசாக நினைக்காதே. மார்ட்டின் செலிக்மன் என்று ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர். அவரும் கூட இருந்தவங்களும் 2005-ல் ஆய்வே வெளியிட்டிருக்காங்க. ஒரே வாரம், தினமும் ராத்திரி மூன்று நல்லதை எழுதினவங்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மனசு தெளிவாக இருந்ததாம்.

வசந்தி: பாக்கெட் தம்பி ஒன்றும் எழுதலை. பாக்கெட் 24 ரூபாய் வீதம் 264 ரூபாயைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான். இந்தக் காலத்தில் இப்படிச் சிரித்த முகமாக ஒரு பிள்ளையா என்று நானும் பூரித்துப்போய் நின்றேன்.

ராகவன்: ஒரு மனுஷனைச் சந்தோஷப்படுத்தியிருக்கோம். இன்றைக்கு எழுத ஒன்று ஆச்சு.

வசந்தி: அடுத்த மாதம் அந்தப் பணத்தைக் கழிக்கும்போது அவன் முகம் போற போக்கையும் எழுதிக்கோங்க. கொடுங்க அந்த நோட்டை. (படிக்கிறாள்) ‘3-ஆம் தேதி. ஒன்று: காலையில் நுரை ததும்ப ஃபில்டர் காபி. ஏன் நடந்தது: பிரபஞ்சத்தின் கருணை.’ இது என்ன, ‘ஏன் நடந்தது’?

ராகவன்: நல்லது நடந்ததை எழுதினால் மட்டும் போதாது. அது ஏன் நடந்தது என்றும் எழுதணும். அதுவும் பயிற்சியில் சேர்த்தி.

வசந்தி: ராத்திரி பத்தேகாலுக்கு மேல் டப்பாவில் பொடியைப் போட்டு, அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வைத்தது பிரபஞ்சமா?

ராகவன்: அது ஒரு பேச்சுக்கு...

வசந்தி: அப்பப்போ ஃபில்டரில் ஓட்டை அடைத்துக்கொள்ளும். அடியை அடுப்பில் காட்டி, தட்டி, ஒவ்வொரு ஓட்டையாகக் குண்டூசியால் குத்துறது யாரு? இந்த வீட்டில் குண்டூசி எங்கே இருக்கு என்றாவது உங்க பிரபஞ்சத்துக்குத் தெரியுமா?

(இந்த இடத்தில் ராகவனுக்காக நான் நாலு வார்த்தை பேசலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் குண்டூசி இருக்கும் இடம் எனக்கும் இந்த மாதம்தான் தெரிந்தது.)

வசந்தி: அடுத்தது. ‘வெயிலில் காய்ந்த துண்டின் மொரமொரப்பும் வாசமும். ஏன் நடந்தது: பிரபஞ்சம்.’

ராகவன்: இதில் நீ குற்றம் சொல்ல முடியாது. சூரியன் பிரபஞ்சத்தில்தானே இருக்கு?

வசந்தி: சூரியன் மொட்டைமாடியோடு சரி. வாளியைத் தூக்கிக்கொண்டு மூணு மாடி ஏறி இறங்காது. அப்புறம் இது என்ன, 7-ஆம் தேதி? ‘ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். மண்வாசனை.’

ராகவன்: அன்றைக்கு உன்னையும் கூப்பிட்டேனே, ‘வாசனை வருது பார்’ என்று.

வசந்தி: கூப்பிட்டீங்க. நான் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஈரத்துணி வாசனைதான் வந்தது.

ராகவன்: இப்படி எதிலும் குறை பார்த்தால் எப்படி? உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018-லிருந்து 2025 வரை வருஷா வருஷம் பின்லாந்துதான் முதலிடம். 2025-ல் 147 நாடுகளில் நமக்கு 118-ஆவது இடம். காரணம் என்ன? நாம சின்னச் சின்ன சந்தோஷங்களைக் கவனிக்கிறதில்லை. பின்லாந்துக்காரங்க காபி குடிக்கிறதிலும் முன்வரிசைதான், தெரியுமா?

வசந்தி: அங்கே யார் காபி போடுறாங்களாம்?

ராகவன்: அதைப் பயிற்சி கொடுத்தவர் சொல்லலை.

வசந்தி: நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க.

ராகவன்: உன்னிடம் எதைப் பேசினாலும் கணக்குக் கேட்கிற மாதிரியே இருக்கு.

வசந்தி: கணக்கு நோட்டில் எழுதினது நீங்க. இருங்க, கணக்கு என்றதும் ஞாபகம் வருது. இஸ்திரிக்காரர் உங்க சட்டையைச் சுற்றிக் கொடுத்த பழைய பேப்பரில் ஒன்று படித்தேன். யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாங்க என்று 2019-ல் மத்திய அரசு கணக்கெடுத்திருக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97.

ராகவன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) 97-ஆ! பரவாயில்லையே, நாங்களும் செய்யுறோம்.

வசந்தி: அவசரப்படாதீங்க. அது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. அப்படிச் செய்கிறவங்களே நூற்றுக்கு 26 பேர்தான். நீங்க மிச்சம் 74-ல் இருக்கீங்க. அந்தச் சராசரிக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ராகவன்: காலையில் பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைக்கிறேனே?

வசந்தி: எத்தனை பாக்கெட்?

ராகவன்: இரண்டு.

வசந்தி: அதைக் குறித்து வைத்திருந்தால் 264 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ராகவன்: சரிம்மா, தப்பு என்னுடையதுதான். நீயும் எழுதேன். இன்றைக்கு உனக்கு என்ன மூன்று?

வசந்தி: எழுத எனக்கும் ஆசைதான். கை ஒழியணுமே.

ராகவன்: நீ இப்படி உட்கார். இன்றைக்குச் சாயங்காலக் காபி நான் போடுறேன்.

(அவர் எழுந்த நாற்காலியில் உட்காருகிறாள். ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி. அங்கே இவ்வளவு காற்று வரும் என்பது அவளுக்கு இந்த இருபது வருஷத்தில் தெரியாது. நோட்டைப் பிரிக்கிறாள். ‘இன்று 3. ஒன்று: உட்கார்ந்தேன். ஏன் நடந்தது: அவர் காபி போடுகிறார்.’)

ராகவன்: (உள்ளிருந்து) வசந்தி, காபிப் பொடி எதில் இருக்கு?

வசந்தி: ‘ரவை’ என்று எழுதியிருக்கிற டப்பாவில்.

ராகவன்: அப்போ ரவை?

வசந்தி: ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

ராகவன்: ஹார்லிக்ஸ்?

வசந்தி: நாம ஹார்லிக்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு.

ராகவன்: ஓ. வசந்தி...

வசந்தி: என்ன?

ராகவன்: இந்த ஃபில்டரில் ஓட்டை இருக்கிற டப்பா மேலே வரணுமா, கீழே வரணுமா?

(வசந்தி கடைசியாக எழுதியதை அடிக்கிறாள். அதற்கு மேல் ‘பிரபஞ்சம்’ என்று எழுதிவிட்டு எழுந்து உள்ளே போகிறாள்.)