பில் ஃப்ரீஹனை இனியாவது ஹால் ஆஃப் ஃபேமில் சேருங்கள்

ஹால் ஆஃப் ஃபேம் என்பது பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்குத் தரும் உச்ச மரியாதை. 1982-ல் அமெரிக்கப் பேஸ்பால் எழுத்தாளர்கள் 415 பேர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். பில் ஃப்ரீஹன் என்ற கேட்சருக்கு விழுந்தது இரண்டே ஓட்டு. அடுத்த வருட ஓட்டுச் சீட்டில் அவர் பெயரே இல்லை.

அந்தந்த வருடத்தின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் பதினோரு முறை தேர்வானவர் இவர். அதிலும் 1964 முதல் 1973 வரை பத்து வருடம், ஒரு வருடம் கூட விட்டுப்போகாமல். கேட்சர்களில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குத் தரும் கோல்ட் க்ளவ் 1965-லிருந்து 1969 வரை தொடர்ந்து ஐந்து முறை. 1968-ல் உலகத் தொடரை, அதாவது வருடக் கடைசியில் நடக்கும் கோப்பைத் தொடரை, வென்ற டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் கேட்சர். அந்த வருடம், இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருதுக்கான ஓட்டில் இரண்டாம் இடம், முந்தைய வருடம் மூன்றாம் இடம். இப்பேர்ப்பட்ட ஆளுக்கு 415-ல் இரண்டு! இதை எப்போது படித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன், டைகர்ஸ் என் அணி. அந்தப் பாசத்தை மறைக்கவில்லை. ஆனால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஃப்ரீஹனுக்கு நடந்தது அநியாயம்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பால் அவ்வளவாகப் பழக்கமில்லாத நண்பர்களுக்காக முதலில் ஒன்று. மட்டை பிடிப்பவர் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, கேட்சருக்கு முன்னால் இருக்கும் ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். கேட்சரை நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அது பாதிதான் சரி. எந்தப் பந்தை எங்கே போட வேண்டும் என்று பந்து வீசும் பிட்சருக்குச் சொல்பவர் கேட்சர். ஃப்ரீஹன் காலத்தில் தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டித்தான் சொல்வார்கள். ஒன்பது இன்னிங்ஸும் குத்தவைத்து உட்கார்ந்து எழ வேண்டும். மட்டையின் ஓரத்தில் உரசித் திசைமாறும் பந்து முகமூடியிலும் தோளிலும் விரல் நுனியிலும் வந்து விழும். பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடுகிறவனைப் பிடிக்க உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து இரண்டாம் பேஸுக்கு ஒரே வீச்சில் எறிய வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு மற்றவர்களைப் போலவே மட்டையும் பிடிக்க வேண்டும். இந்த வேலையைப் பத்துப் பன்னிரண்டு வருடம் முதல் தரத்தில் செய்தவர்கள் மிகக் குறைவு. ஹால் ஆஃப் ஃபேமில் கேட்சர்கள் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஃப்ரீஹன் பிறந்தது டெட்ராய்ட்டில், 1941-ல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது 1961-ல் பிக் டென் என்ற பல்கலைக்கழக லீக் போட்டிகளில் அவருடைய பேட்டிங் சராசரி .585. பத்து முறை மட்டை பிடித்தால் கிட்டத்தட்ட ஆறு முறை ஹிட்! அதே வருடம் டைகர்ஸில் சேர்ந்தார். சம்பளத்துக்கு ஆடிக்கொண்டே படிப்பையும் விடாமல் தொடர்ந்து 1966-ல் பட்டம் வாங்கினார். 1976-ல் ஓய்வு பெறும்வரை வேறு எந்த அணியின் சட்டையையும் போட்டதில்லை. பிறந்த ஊருக்காகவே முழுக் காலமும் ஆடிய கேட்சர் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்துக்கு வருகிறேன்.

1968 அக்டோபர் 7. டைகர் ஸ்டேடியம். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் இருக்கிறது. இன்னும் ஒன்றில் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. அந்த ஆட்டத்திலும் 3-2 என்று அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸின் லூ ப்ராக் இரண்டாம் பேஸில் நிற்கிறார். அந்தக் காலத்தில் பேஸ் ஓட்டத்தில் அவருக்கு நிகர் கிடையாது. அந்தத் தொடரில் மட்டும் ஏழு பேஸ் திருடியவர். அடுத்து ஹூலியன் ஹாவியர் இடதுபக்கம் ஒரு ஹிட் அடிக்கிறார். ப்ராக் மூன்றாம் பேஸைத் திரும்பி ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வருகிறார். இடது ஃபீல்டிலிருந்து வில்லி ஹார்ட்டன் பந்தை எறிகிறார்.

அந்தப் பழைய படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஃப்ரீஹன் இடது காலை பிளேட்டுக்கு முன்னால் ஊன்றியிருக்கிறார். கண் பந்தின் மேலேயே இருக்கிறது, ஓடி வருகிறவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ப்ராக் சறுக்கவில்லை, நின்ற வாக்கிலேயே வருகிறார். பந்து க்ளவுக்குள் வருகிறது. மோதல். ப்ராக்கின் கால் பிளேட்டைத் தொட இடமில்லை, அந்த இடத்தில் ஃப்ரீஹனின் பூட்ஸ் இருக்கிறது. அம்பயர் டக் ஹார்வி அவுட் கொடுக்கிறார். ப்ராக் சறுக்கியிருந்தால் தப்பியிருப்பாரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. எனக்கென்னவோ சறுக்கியிருந்தாலும் அந்தக் காலைத் தாண்டியிருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

அங்கேதான் தொடர் திரும்பியது. ஏழாவது இன்னிங்ஸில் டைகர்ஸின் ஆல் கேலைன் அடித்த அடியில் இரண்டு பேர் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர, டைகர்ஸ் 5-3 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டம் 13-1. ஏழாவது ஆட்டத்தில் டைகர்ஸ் பிட்சர் மிக்கி லோலிச் கார்டினல்ஸ் பிட்சர் பாப் கிப்சனை 4-1 என்று வீழ்த்தினார். கடைசி அவுட் வானத்தில் எழும்பிய ஒரு ஃபவுல் பந்து. அதைப் பிடித்தவரும் ஃப்ரீஹன். லோலிச் தாவி அவர் மேல் ஏறிக்கொண்ட படம் டெட்ராய்ட்டில் பழைய ஆட்களுக்கெல்லாம் மனப்பாடம். முந்தைய வருடம் ஜூலையில் கலவரத்தில் 43 பேர் செத்து, தெருத்தெருவாக எரிந்துபோன ஊர் இது. அந்தப் படத்துக்கு இங்கே இருக்கும் மதிப்பைக் கோப்பைக் கணக்கில் மட்டும் அளக்க முடியாது.

இப்போது இதைக் கவனியுங்கள். அன்றைக்கு ஹோம் பிளேட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஓடி வந்த லூ ப்ராக் 1985-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அவுட் கொடுத்த டக் ஹார்வியும் 2010-ல் சேர்ந்தார். இரண்டு பேருமே அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். காலை ஊன்றி நின்றவர் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறார்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் சராசரி .262, ஹோம் ரன் சரியாக 200, தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன் 758. எண்ணை மட்டும் பார்த்தால் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் காலத்தில் அடித்த அடி அது என்று பார்க்க வேண்டாமா? அறுபதுகளின் பிற்பாதி பிட்சர்களின் ராஜ்ஜியம். 1968-ல் அமெரிக்கன் லீக் மொத்தத்துக்கும் சராசரி .230. .300-ஐத் தாண்டியது ஒரே ஒரு ஆள்: கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, அதுவும் .301. ஆட்டமே செத்துப்போகிறதே என்று பயந்து அடுத்த வருடம் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் ஃப்ரீஹன் .263 அடித்தார், 25 ஹோம் ரன், தன் அடியால் வரவைத்த ரன் 84. பந்து உடம்பில் பட்டே 24 முறை முதல் பேஸுக்குப் போனார். குத்தவைத்து உட்கார்ந்து வாங்கிய அடி போதாதென்று மட்டை பிடிக்கும்போதும் அடி வாங்கியிருக்கிறார் மனுஷன்.

காலத்தையும் மைதானத்தையும் சரிக்கட்டி, சராசரி ஆட்டக்காரனுக்கு 100 என்று வைத்து ஒரு பேட்டிங் கணக்கு போடுகிறார்கள். அதில் ஃப்ரீஹனின் வாழ்நாள் எண் 112. கேட்சருக்கு இது அருமையான எண். இந்தக் கணக்கெல்லாம் 1982-ல் யார் கையிலும் இல்லை. அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் செய்தித்தாளில் வரும் சராசரியைப் பார்த்தார்கள். அந்த வருடச் சீட்டில் ஹேங்க் ஆரனும் ஃப்ராங்க் ராபின்சனும் முதல் முறையாக வந்திருந்தார்கள். அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் அமைதியான ஒரு கேட்சர் யார் கண்ணில் படுவார்?

1968 உலகத் தொடரில் அவர் பேட்டிங் மோசம் என்பார்கள். உண்மைதான். 24 முறை மட்டை பிடித்து இரண்டே ஹிட். அதில் ஒன்று எது தெரியுமா? ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், ஜிம் நார்த்ரப் ட்ரிபிள் அடித்து மூன்றாம் பேஸில் நிற்கும்போது கிப்சனை எதிர்த்து அடித்த டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை போகும் ஹிட். மூன்றாவது ரன் அதில்தான் வந்தது.

தடுப்பாட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். ஓய்வு பெற்ற நாளில் கேட்சர்களிலேயே மிக உயர்ந்த ஃபீல்டிங் சதவீதம் அவருடையது, .993. கேட்சராக மிக அதிக அவுட்டில் பந்தைக் கையில் வாங்கியவர் என்ற சாதனையும் அப்போது அவரிடம்தான் இருந்தது. 1967-ல் அனஹைமில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனது. ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று நாலு இன்னிங்ஸ் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். ஃப்ரீஹன் பதினைந்தும் குத்தவைத்துப் பிடித்தார். லீக்கிலேயே பெரிய பெரிய பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், கேட்சர் மட்டும் மாறவே இல்லை. இதைவிட ஒரு நற்சான்றிதழ் யாரால் தர முடியும்?

இன்னொன்று எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஹால் ஆஃப் ஃபேமில் கேட்சராகச் சேர்ந்தவர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். யோகி பெர்ராவின் நல்ல காலம் ஐம்பதுகள். ஜானி பெஞ்ச் முழு நேரமாக ஆடத் தொடங்கியது 1968-ல். கார்ல்டன் ஃபிஸ்க் எழுபதுகள். இடையில் உள்ள அறுபதுகளைத் தன் காலமாகக் கொண்ட கேட்சர் ஒருவர் கூட இல்லை. ஜோ டோரி இருக்கிறாரே என்றால், அவரைச் சேர்த்தது மேனேஜர் என்ற கணக்கில். பத்து வருடம் பேஸ்பால் கேட்சர் இல்லாமலா நடந்தது? அந்த இடைவெளியில் அமெரிக்கன் லீக்கின் பெயர் ஃப்ரீஹன்தான். பத்து ஆல்-ஸ்டார் தேர்வும் அதைத்தான் சொல்கிறது.

வார் (WAR) என்று ஒரு மொத்தக் கணக்கு இருக்கிறது. சாதாரண மாற்று ஆளைவிட ஒரு ஆட்டக்காரர் தன் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று காட்டுவது. ஃப்ரீஹனுக்கு ஏறத்தாழ 45. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கேட்சர் ரிக் ஃபெரலுக்கு சுமார் 30. ஃபெரலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கதவு அவருக்குத் திறந்ததென்றால் ஃப்ரீஹனுக்கு எந்த நியாயத்தில் மூடியிருக்கிறது என்றுதான் கேட்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் கேட்சர் பஸ்டர் போஸிக்கும் கிட்டத்தட்ட அதே 45தான். போஸியை வேண்டாம் என்று சொல்லும் ரசிகரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் செயின்ட் லூயிஸ் கேட்சர் யாடியர் மோலினா. இங்கேதான் விஷயம் சூடாகிறது. ஒரே பிட்சரும் ஒரே கேட்சரும் சேர்ந்து தொடங்கிய ஆட்டங்களின் எண்ணிக்கையில் லோலிச்-ஃப்ரீஹன் ஜோடிதான் நெடுங்காலம் முதலிடம்: 324 ஆட்டம். 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸின் பிட்சர் ஆடம் வெய்ன்ரைட்டும் மோலினாவும் 325-ஐத் தொட்டு அதை முறியடித்தார்கள். நாடே கொண்டாடியது, நானும் கை தட்டினேன். ஆனால் 47 வருடம் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் யார் என்று எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்? மோலினா 2022-ல் ஓய்வு பெற்றார், 2028-க்கான தேர்தலில் முதல் முறையாக அவர் பெயர் வரும். முதல் சுற்றிலேயே உள்ளே போய்விடுவார் என்கிறார்கள். போகட்டும், தகுதியானவர். பத்து முறை ஆல்-ஸ்டார், ஒன்பது கோல்ட் க்ளவ். ஆனால் பேட்டிங்கில் நான் மேலே சொன்ன அந்த 112 கணக்கில் மோலினா நூறுக்கும் கீழே. தடுப்பாட்டத்துக்காகவும் பிட்சர்களை வழிநடத்தியதற்காகவும் மோலினாவை மதிக்கிறோம் என்றால், அதையும் செய்து நன்றாகவும் அடித்தவரை என்ன சொல்லி ஒதுக்குவது?

ஒரு முறை கைவிட்டவரைத் திரும்பச் சேர்ப்பது நடக்காத காரியம் கிடையாது. டெட் சிம்மன்ஸ் இருக்கிறார். அவரும் கேட்சர், அவரும் டெட்ராய்ட் வட்டாரத்தில் பிறந்தவர். 1994-ல் எழுத்தாளர்கள் ஓட்டில் 3.7 சதவீதம் வாங்கி ஒரே வருடத்தில் சீட்டிலிருந்து போனார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு குழு மறுபடி உட்கார்ந்து பார்த்தது, 2020 பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சிம்மன்ஸ் வந்த அதே வழியில் ஃப்ரீஹனும் வரலாம்.

வருத்தம் என்னவென்றால், ஃப்ரீஹன் இதைப் பார்க்க முடியாது. கடைசி வருடங்களில் நினைவிழப்பு நோய் அவரை முழுதாகச் சாய்த்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 19 அன்று, 79 வயதில், மிச்சிகனிலேயே காலமானார். தலையில் அத்தனை அடி வாங்குகிற தொழிலில் இருந்தவர் அப்படிப் போனதை நினைத்தால் மனசு கனக்கிறது. உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டிய மரியாதை இது. 2024 டிசம்பரில் பழைய காலத்து ஆட்டக்காரர்களுக்கான குழு கூடியபோது எட்டுப் பெயர்களில் அவர் பெயர் இல்லை. அந்த முறை டிக் ஆலனும் டேவ் பார்க்கரும் தேர்வானார்கள். ஆலனும் தேர்வைப் பார்க்காமலே போனவர்தான். ஆனாலும் குழு அவரைக் கைவிடவில்லை.

அடுத்து அந்தக் குழு கூடுவது 2027 டிசம்பரில். மோலினாவின் பெயர் முதல் முறையாக எழுத்தாளர்களின் சீட்டில் இருக்கப்போவதும் அதே குளிர்காலத்தில்தான். குழுவில் 16 பேர், 12 ஓட்டு வேண்டும். அதற்கு முன்னால் எட்டுப் பேரில் ஒருவராகச் சீட்டில் பெயர் வர வேண்டும், அதைப் பொறுக்கியெடுப்பவர்கள் மூத்த பேஸ்பால் எழுத்தாளர்கள். அவர்களில் பலர் சமூக வலைத்தளங்களில் இருக்கிறார்கள், ரசிகர்கள் எழுதுவதைப் படிக்கிறார்கள், பதிலும் போடுகிறார்கள். அமெரிக்காவில் இருந்து பேஸ்பால் பார்க்கும் நண்பர்கள், எந்த அணி ரசிகராக இருந்தாலும் சரி, அந்த எழுத்தாளர்களின் வலைப்பக்கங்களில் போய் ஃப்ரீஹன் பெயரை எழுதுங்கள். அந்த ஐந்தாவது ஆட்டத்தின் படச்சுருளையும் கூடவே போடுங்கள்.