பக்கத்து வீட்டுப் பெரிய நாயும் நம் வீட்டுக் குழந்தையும்

‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது’ என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்நியர் யாரும் காம்பவுண்டுக்குள் கால் வைக்க முடியாது, விடவே விடாது என்று அதே நாயைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்த நாய்க்கு என் மகள் யார்? வீட்டுக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் அதற்கு அந்நியர்தான். காவலுக்கென்று வாங்கி, குரைக்கும்போதெல்லாம் தட்டிக்கொடுத்து வளர்த்த நாய், ஒரு குழந்தை கத்திக்கொண்டு ஓடும்போது மட்டும் தன் வேலையை மறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

நாய்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கல்லெறிவது, விஷம் வைப்பது என்று பேசுபவர்கள் இந்தப் பதிவின் பக்கமே வர வேண்டாம். கேட்டைத் திறந்து போட்டுவிட்டு, ‘உங்கள் பிள்ளையை உள்ளே பிடித்து வையுங்கள்’ என்று நமக்கு அறிவுரை சொல்கிறவர்கள் மேல்தான் என் கோபம். சைக்கிள் ஓட்டவும் சத்தம் போடவும் விழுந்து எழவும் பிள்ளைகளுக்கு வெளி வேண்டும். நாய் வளர்ப்பது ஒருவருடைய விருப்பம். அந்த விருப்பத்தோடு வரும் பொறுப்பும் அவருடையதுதான்.

உருவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நன்கு வளர்ந்த ஆண் ராட்வைலர் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு 30 முதல் 40 கிலோ. ஐந்து வயதுக் குழந்தை ஏறக்குறைய 18 கிலோ. நாய் ஆசையாகத் தாவினாலே போதும், குழந்தை மல்லாந்து விழும், பின்மண்டை தரையில் மோதும். கடித்தாலோ நிலைமை இன்னும் மோசம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கையிலும் காலிலும் படுகிற கடி, சிறு குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் படுகிறது. ஏனென்றால் நாயின் வாய் இருக்கும் உயரத்தில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. குழந்தைகளைக் கடிப்பவற்றில் பெரும்பாலானவை அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான நாய்கள்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

‘முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது’ என்கிறார்கள். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாலை ஆட்டுகிறதே என்று நாம் நிம்மதி அடைகிறோம். வால் ஆட்டுவது பரபரப்பைத்தான் காட்டும், அது நட்பாகவும் இருக்கலாம், சீற்றமாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது உடம்பை. திறந்திருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். உடல் விறைத்து அப்படியே நிற்கும். தலை ஒரு பக்கம் இருக்க, கண் மட்டும் இன்னொரு பக்கம் திரும்பி, ஓரத்தில் வெள்ளை விழி தெரியும். அந்த நொடியில் குழந்தையை விலக்கிவிட வேண்டும். இதைக் குழந்தைகளே பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது என்று எடுத்துக்கொள்வதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அதனால்தான் ‘பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்’ என்பதோடு யாரும் கை கழுவிவிட முடியாது என்கிறேன்.

எல்லாம் கேட்டில்தான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக் கேட்டில் மேலே தூக்கிப் போடுகிற கொக்கி ஒன்றுதான் இருந்தது. நாய் பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றும்போதெல்லாம் அந்தக் கொக்கி துள்ளும். ஒரு நாள் துள்ளியது, திரும்ப விழவில்லை. நல்ல வேளையாக அப்போது தெருவில் பிள்ளைகள் யாரும் இல்லை. மறுநாள் நான் போய்ப் பேசினேன். ‘அது ஒன்றும் செய்யாது தம்பி’ என்றுதான் அவரும் ஆரம்பித்தார். நான் நாயைப் பற்றிப் பேசவே இல்லை. கொக்கியை மட்டும் கையால் தூக்கிக் காட்டி, ‘இதை மட்டும் மாற்றிவிடுங்கள் அண்ணா’ என்றேன். பக்கவாட்டில் தள்ளிப் பூட்டுகிற தாழ்ப்பாள் போட்டார், தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங்கும் வைத்தார். அதற்குப் பிறகு நாய் வெளியே வரவில்லை. நாயின் குணத்தைப் பற்றி வாதாடினால் மனக்கசப்புதான் மிஞ்சும், தாழ்ப்பாளைப் பற்றிப் பேசினால் வேலை நடக்கும். பேசுவதைக் கடிக்கு முன்பே பேசிவிட வேண்டும். கேட்கவே மறுப்பவராக இருந்தால் தேதி, நேரம், படத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், தயங்காதீர்கள்.

கம்பி கேட்டாக இருந்தால் கீழ்ப்பாதியைத் தகடு வைத்து அடைத்துவிடுவது மிகவும் நல்லது. குழந்தையின் கை உள்ளே போகாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்து நாய் வேலியோரம் ஓடி ஓடிக் குரைக்கிறது, பிள்ளைகள் தங்கள் வழியில் போய்விடுகிறார்கள். தான் குரைத்துத்தான் அவர்களைத் துரத்தினோம் என்று நாய் நினைத்துக்கொள்கிறது. நாள்தோறும் இதுதான் அதற்குப் பயிற்சி. பார்வையை மறைத்தாலே இதில் பாதி குறையும். சங்கிலியில் கட்டிப்போட்டால் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய்க்குச் சீற்றம்தான் கூடும், தெரியாமல் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் போகிற குழந்தைக்குத் தப்பவும் வழி இருக்காது.

அடுத்தது பந்து. சுவர் தாண்டிப் போகிற பந்தின் பின்னாலேயே பிள்ளை சுவர் ஏறிப் போகும். ‘ஏறாதே’ என்று நாம் சொல்லியிருந்தாலும் ஏறும், ஏனென்றால் கேட்டைத் தட்டிக் கேட்டால் அந்த வீட்டுக்காரர் திட்டுவார். நாயை விட அவருக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள்! பெரிய நாய் வைத்திருப்பவர்களே, உள்ளே விழும் பந்தை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுங்கள். எத்தனை முறை விழுந்தாலும் கொடுங்கள். உங்கள் காம்பவுண்டுக்குள் ஒரு குழந்தை குதிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் செய்து காட்டிப் பழக்க வேண்டும். நாய் அவிழ்ந்து வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு, எந்தக் குழந்தையாலும் அதை ஓடி ஜெயிக்க முடியாது. கைகளை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல், தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சைக்கிளில் இருந்தால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாய் கீழே தள்ளிவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கைகளால் காதையும் பின்கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். நாங்கள் இதை விளையாட்டாகவே பழகினோம்: ‘நாய்!’ என்று நான் குரல் கொடுத்தால் மகள் அப்படியே நின்றுவிட வேண்டும். பயத்தில் உடம்பு தானாகச் செய்வது பழகியதைத்தான்.

கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, யாருடைய நாய் என்ற சண்டையெல்லாம் அப்புறம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் ரேபிஸால், அதாவது வெறிநாய்க்கடி நோயால், இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1885 ஜூலையில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் முதன்முதலாக ரேபிஸ் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய ஜோசப் மெய்ஸ்டரும் ஒன்பது வயதுச் சிறுவன்தான். நேரத்துக்குப் போட்டால் காப்பாற்றிவிடலாம், அறிகுறி தொடங்கிவிட்டால் பெரும்பாலும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சின்னக் கீறலைப் பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய பயம். சுவர் ஏறியதற்கும் நாயைச் சீண்டியதற்கும் அடி விழும் என்று சட்டையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நீ என்ன செய்திருந்தாலும் சரி, நாய் பல் பட்டால், நகம் பட்டால், காயத்தை நக்கினால் உடனே சொல், திட்ட மாட்டேன் என்று இன்றே சொல்லிவிடுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

அப்படியே பக்கத்து வீட்டுக்கும் ஒரு நடை போய், நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டை இருந்தாலும் கடிபட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனாலும் கேளுங்கள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்பவரிடம் மறுநாளும் போய்க் கேளுங்கள்.