“தேவைகள் சந்திக்கப்பட ஜெபியுங்கள்” என்று இனி எழுதமாட்டேன்

முழுநேரக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 9 ஆண்டுகள் ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலையில் வாழும் மால்தோ மக்கள் நடுவில் இருந்தோம். அதன்பின் இன்றுவரை பாளையங்கோட்டையில் குடியிருந்து, அந்த மலையில் இருக்கிற ஊழியர்களைக் காணிக்கையால் தாங்கும் குடும்பங்களையும் சபைகளையும் சந்திக்கிற பணியைச் செய்துவருகிறேன். மாதந்தோறும் அவர்களுக்கு ஜெபக்கடிதம் எழுதுவதும் என் பொறுப்புதான். அந்தக் கடிதங்களில் நான் அதிக முறை எழுதிய வரி, “தேவைகள் சந்திக்கப்பட ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்பதாகத்தான் இருக்கும். அந்த வரியை இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். என்னைப் போன்ற மற்ற ஊழியர்களும் அதை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

சபைக்குள் வளர்ந்தவர்களுக்கு அந்த வரியின் பொருள் தெரியும். “பிள்ளைகளின் கல்வித் தேவை சந்திக்கப்பட”, “ஊழிய வாகனத் தேவை சந்திக்கப்பட” என்று எழுதினால் பணம் வேண்டும் என்று அர்த்தம். எழுதுகிறவருக்கும் அது தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும். இருந்தும் பணம் என்ற சொல்லை இருவருமே வாயில் எடுக்காமல் இருப்பது எங்கள் நடுவில் ஒரு மரியாதையாக நிலைத்துவிட்டது. மனிதரிடம் கையேந்தவில்லை, தேவனிடத்தில் மட்டுமே கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. கடிதத்தை மடித்து, முகவரி ஒட்டி, 400 வீடுகளுக்கு அனுப்பிவிட்டு மனிதரிடம் கேட்கவில்லை என்று சொல்வது உண்மையல்ல என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

எங்கள் அன்றாட வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதைத் தெரியாமல் இந்தப் பேச்சு விளங்காது. எங்களுக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று நாங்கள் சொல்வதில்லை, உதவித்தொகை என்றே சொல்கிறோம். காணிக்கை வந்த மாதம் அது 5ஆம் தேதி வரும். வராத மாதம் 15ஆம் தேதி ஆனாலும் ஆச்சரியமில்லை. காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ரசீதுப் புத்தகம், அந்த மாதக் கடிதக்கட்டு, தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுகிறேன். ஒருநாள் சாயர்புரம், ஒருநாள் நாசரேத், ஒருநாள் மெஞ்ஞானபுரம், இன்னொரு நாள் இடையன்குடிப் பக்கம் என்று போவேன். ஒரு வீட்டில் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டு, அடுத்த வீட்டில் மகனுக்கு வேலை கிடைக்காத கவலையை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, மூன்றாவது வீட்டில் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்புவேன். மாலையில் எங்கேயாவது வீட்டுக் கூட்டம் இருக்கும். இரவு வந்து அன்றைய ரசீதுகளைப் பேரேட்டில் எழுதாமல் நான் படுப்பதில்லை.

வாடகைக்கு வீடு தேடும்போது, “என்ன வேலை பார்க்கிறீங்க, மாசம் எவ்வளவு வரும்?” என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கியில் கடன் கிடைக்காது. மகள் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவற்றைத் திருப்ப 14 மாதங்கள் ஆயின. அதுவும் அவள் இரவு பதினொரு மணிவரை ரவிக்கை தைத்துச் சேர்த்த பணத்தால்தான் முடிந்தது. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. இந்த அழுத்தத்துக்குள் இருந்துகொண்டுதான் ஊழியர் ஒவ்வொருவரும் மாதக் கடிதம் எழுத உட்காருகிறோம். பணத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதக் கை கூசும்போது, ஜெபக்குறிப்புக்குள் அதை வைத்து அனுப்பிவிடுவது எளிதாக இருக்கிறது.

என்னை மாற்றியது கடந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் நடந்த ஒரு சந்திப்பு. முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு பாட்டி மாதம் 100 ரூபாய் தருகிறார். ஆறு ஆண்டுகளில் ஒரு மாதமும் தவறியதில்லை. நான் போனபோது திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்து, மடியில் பீடித் தட்டை வைத்து இலை மடித்துக்கொண்டிருந்தார். புகையிலைத் தூள் ஏறி விரல்நுனிகள் பழுத்திருந்தன. என்னைக் கண்டதும் தட்டை இறக்கி வைத்துவிட்டு, நூலுருண்டை கிடந்த தகர டப்பாவைத் திறந்து, ஐந்து இருபது ரூபாய்த் தாள்களை எடுத்தார். அவற்றைச் சுருட்டி, பீடிக்குக் கட்டுகிற அதே சிவப்பு நூலால் நடுவில் கட்டியிருந்தார். நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

“ஐயா, அந்த மலையில ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் காய்ச்சல், வயிறு வீங்கிக் கெடக்குன்னு எழுதியிருந்தீங்கல்லா, இப்பம் எப்படி இருக்கா?”

எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அது மார்ச் மாதக் கடிதம். மலையிலிருந்து எங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்ன செய்தியை நான்தான் எழுதியிருந்தேன்: ஐந்து வயதுச் சிறுமிக்குக் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல், மருத்துவத் தேவைகள் சந்திக்கப்பட ஜெபித்துக்கொள்ளுங்கள். சாகிப்கஞ்ச், பாகுர், தும்கா, கோட்டா ஆகிய நான்கு மாவட்டங்களில் அந்த நோய் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மணல் ஈ கடித்துப் பரவுவது, மண்ணீரல் வீங்கிவிடும், சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் தப்புவது அரிது. மருந்தை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது, கட்டிலில் வைத்து அந்தப் பிள்ளையை மலையிலிருந்து இறக்கிய பின் ஜீப்புக்கும், கூட வந்த தாயும் தகப்பனும் கூலிவேலையை விட்டுக் காத்திருந்த நாட்களின் சாப்பாட்டுக்கும் ஆன பணம்தான். அந்தப் பணம் கடிதம் போன இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டது. சிறுமி ஏப்ரல் மாதம் குணமாகி வீடு திரும்பிவிட்டாள். அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. பணம் வந்ததோடு அந்தக் குறிப்பு என் மனத்தில் முடிந்துபோயிருந்தது.

சுகமாகிவிட்டாள் பாட்டி, ஏப்ரலிலேயே வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஸ்தோத்திரம். பேரன் வாசிச்சுக் காட்டுனதுலேருந்து வெள்ளிக்கிழம மத்தியானம் சாப்பிடாம அவளுக்காகத்தான் ஜெபிக்கேன். நிறுத்தலாமா, இன்னும் ஜெபிக்கணுமான்னு உங்கட்ட கேக்கணும்னு இருந்தேன் ஐயா.”

எட்டு மாதங்கள். நான் பணத்துக்காக எழுதிய ஒரு வரியை அவர் எழுத்துக்கு எழுத்து நம்பி, ஜெபம் என்றால் ஜெபம்தான் என்று எடுத்துக்கொண்டு, எழுபது வயதுக்கு மேல் எட்டு மாதங்கள் வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி கிடந்திருக்கிறார். அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது எனக்கு உண்டான வெட்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பாட்டியின் ஜெபம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், ஒருக்காலும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஜெபத்தைக் கேட்டவன் நான், அதற்கு மதிப்புக் கொடுக்காதவனும் நான்தான்.

அந்த வாரம் வேதத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஸ்பானியா தேசத்துக்குப் போகப்போகிறேன், உங்களால் அவ்விடத்துக்கு வழிவிட்டனுப்பப்பட விரும்புகிறேன் என்று பவுல் 24ஆம் வசனத்தில் தமது பயணத்துக்கான உதவியை எதிர்பார்த்து எழுதுகிறார். அடுத்த வசனங்களில் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைக் குறித்து, யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று விளக்குகிறார். அதன்பின் 30ஆம் வசனத்தில்தான் எனக்காக ஜெபியுங்கள் என்று மன்றாடுகிறார். அங்கே கேட்பது முழுவதும் ஜெபம்தான்: யூதேயாவிலிருக்கும் எதிராளிகளுக்குத் தப்பவேண்டும், கொண்டுபோகிற உதவி அங்குள்ளவர்களுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பயண உதவி, காணிக்கை, ஜெபம் ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்த அதிகாரத்தில் இதை நான் கவனித்ததே இல்லை.

மனிதரிடம் கேட்பது அவிசுவாசம் என்று எங்கள் மூத்த ஊழியர்களில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். அவர்கள் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரைக் காட்டுவார்கள். 1901ஆம் ஆண்டு அங்கே குடியேறிய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1951இல் மரிக்கும்வரை பணத்துக்காக யாரிடமும் வேண்டுகோள் விடுத்ததில்லை. அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே காலத்தில் வேலூருக்காக மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் பலரிடம் சென்று, பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டவேண்டும், இவ்வளவு பணம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு வங்கியாளர் மறைந்த தமது மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு 1902இல் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. கேளாமல் இருந்தவரையும் கேட்டவரையும் தேவன் நடத்தினார். கேட்காதவர் முற்றிலும் கேட்கவில்லை, கேட்டவர் முற்றிலும் கேட்டார். கேட்காததுபோலக் கேட்பது என்கிற மூன்றாவது வழியை இந்த இருவரிடமும் நான் காணவில்லை. அதை எங்கள் தலைமுறைதான் பழகிக்கொண்டிருக்கிறது.

வெளிப்படையாகக் கேட்டால் சபையார் முகம் சுளிப்பார்கள் என்ற பயமும் தேவையில்லை. நம் ஊர்ச் சபைகளில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். ஒரு நாட்டுக்கோழி முட்டை, ஒரு வாழைத்தார், முதல் காய்ப்பில் பறித்த ஒரு தேங்காய் ஆகியவற்றை ஏலம் கூறுகிறவர் பந்தலில் தூக்கிப் பிடித்து, வாய் ஓயாமல் கேட்கிறார். எடுத்தவரே அதைத் திரும்பவும் காணிக்கையாகக் கொடுக்க, அது மறுபடியும் ஏலத்துக்கு வருகிறது. அங்கே யாரும் பணத்தைப் பற்றிப் பேசக் கூசுவதில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கிறது, எவ்வளவு சேர்ந்தது என்று முடிவில் அறிவிக்கப்படுகிறது. கூச்சம் வருவது பணத்தால் அல்ல, மறைப்பதால்தான்.

கேட்பது பாதி வேலை என்றால், கணக்குச் சொல்வது மறுபாதி. வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனங்கள், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி டெல்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கி, நிர்வாகச் செலவை 20 விழுக்காட்டுக்குள் அடக்கவேண்டும், ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்கும் ஒப்புவிக்கவேண்டும். ஆனால் முக்கூடல் பாட்டியின் 100 ரூபாய்க்கு என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லும்படி எங்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் நாங்கள் அதிகக் கவனமாக இருந்திருக்கவேண்டும். 1903ஆம் ஆண்டு இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, திருநெல்வேலிச் சபையாரின் காணிக்கையை நம்பித்தான் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள். இந்த மண்ணில் ஊழியம் நிற்பது இத்தகைய சிறிய பணத்தில்தான். பெரிய தொகை தருகிறவருக்கு ஆண்டறிக்கையும் நாட்காட்டியும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சிறிய தொகை தருகிறவருக்கு ரசீதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

தாங்குகிறவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். மலையின் பிள்ளைகள் கிழிந்த சட்டையோடு நிற்கிற படம் அனுப்பினால்தான் சபையில் காட்ட வசதியாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் தகப்பன் இருக்கிறார். தன் பிள்ளை எந்த ஊரிலோ திரையில் அப்படிக் காட்டப்படுவது தெரிந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? எங்கள் ஊழியர் ஒருவர் தவணையில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியதற்காக ஒரு குடும்பம் தாங்குவதை நிறுத்திவிட்டது. பேருந்து போகாத மலையடிவாரத்தில் 12 கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தவர் அவர். ஊழியர் ஏழையாகத் தோன்றவேண்டும் என்று எதிர்பார்க்கும்வரை, அவர் உங்களிடம் தன் நிலையை உண்மையாகச் சொல்லத் துணியமாட்டார். வாடகை எவ்வளவு, பிள்ளையின் கட்டணம் கட்டியாயிற்றா என்று நீங்களே நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களுக்கு அவமானம் அல்ல, மிகப்பெரிய ஆறுதல்.

ஜனவரி முதல் எங்கள் கடிதம் இரண்டு தனித் தாள்களாகப் போகிறது. முதல் தாளில் ஜெபக்குறிப்புகள் மட்டும் இருக்கும், போன மாதம் கேட்டுக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் என்ன ஆயிற்று என்ற செய்தியோடு. நிறைவேறாதவற்றையும் எழுதுகிறோம். இரண்டாவது தாளில் எதற்கு எவ்வளவு பணம் தேவை, எவ்வளவு வந்தது, எவ்வளவு குறைகிறது, எதில் செலவானது என்று எண்களோடு இருக்கும். முதல் மூன்று மாதம் காணிக்கை கொஞ்சம் குறைந்தது. இரண்டு பேர், இப்படிப் பச்சையாகக் கேட்பது ஊழியருக்கு அழகல்ல என்று எழுதினார்கள். இருவருக்கும் நேரில் போய் விளக்கினேன், ஒருவர் ஏற்றுக்கொண்டார். முன்பு தேவைகளைத் தெரிந்திராத சில இளைஞர்கள், தொகையைப் பார்த்த பிறகு தங்களுக்கு முடிந்ததைக் கூகுள் பே வழியாக மாதந்தோறும் அனுப்புகிறார்கள்.

அந்தச் சிறுமி இப்போது அடிவாரத்துப் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கிறாள். பெற்றோரின் சம்மதத்தோடு, அவள் தன் பெயரை இந்தியில் எழுதிய ஒரு தாளை மலையிலிருந்து எங்கள் ஊழியர் அனுப்பியிருக்கிறார். பெயரின் கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை முக்கூடலுக்குப் போகிறேன். அந்தத் தாள் பையில் இருக்கிறது.