வாக்குச்சீட்டை யார் கையில் கொடுத்தார்கள்? யுனைடெட் மெதடிஸ்ட் பிளவு பற்றி

அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபை உடைந்ததைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். "வேதத்தை விட்டார்கள், உடைந்தது" என்கிறது ஒரு தரப்பு. "அன்பில்லாதவர்கள் போய்விட்டார்கள்" என்கிறது மறுதரப்பு. ஆனால் தன்பாலீர்ப்பு பற்றிய இந்தக் கருத்து வேறுபாடு 1972-லேயே திருச்சபையின் சட்டநூலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே திருச்சபையாகத்தான் இருந்தார்கள். பிறகு 2019 முதல் 2023-க்குள் 7,600-க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சபைகள், அதாவது அமெரிக்காவில் இருந்தவற்றில் ஏறத்தாழ கால்வாசி, வெளியேறியது எப்படி? பிரிவதற்கென்று எழுதிய விதியைப் படித்தால்தான் இது புரியும்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பு கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-ல் அட்லாண்டா பொது மாநாடு சேர்த்த வரி தவறு என்றே நம்புகிறேன். 2024-ல் அது நீக்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இடையில் நடந்த பிரிவினையின் முறையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பொது மாநாடு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கூடும். பாதிப் பேர் ஆயர்கள், பாதிப் பேர் சபைமக்கள். திருச்சபையின் பெயரால் பேசும் அதிகாரம் அதற்கு மட்டும்தான், பேராயர்களுக்குக்கூடக் கிடையாது. தன்பாலின உறவில் வாழ்வதாக வெளிப்படையாகச் சொல்பவர்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1984-ல் விதி வந்தது. தன்பாலினத் திருமணம் நடத்தக்கூடாது என்று 1996-ல் வந்தது. 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் சிறப்பு மாநாட்டில் இந்தத் தடைகளை இறுக்கும் பாரம்பரியத் திட்டம் 438-க்கு 384 என்று வென்றது. வெறும் 54 வாக்கு வித்தியாசம்.

அதே மாநாட்டில்தான் சபைகள் பிரிந்துபோக வழிசெய்யும் 2553-ஆம் பத்தி சட்டநூலில் நுழைந்தது. மெதடிஸ்ட் சபைகளில் கட்டடமும் நிலமும் உள்ளூர்ச் சபையின் பெயரில் இருந்தாலும், அவை முழுத் திருச்சபைக்காகவே டிரஸ்டில் வைக்கப்பட்டவை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. போகிறவர்கள் வெறுங்கையோடுதான் போகவேண்டும். 2553 அந்த டிரஸ்டிலிருந்து விடுபட ஒரு வழி கொடுத்தது. மனசாட்சியைக் காரணமாகச் சொல்லவேண்டும். சபை கூடி, வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்கவேண்டும். மேல்மட்டத்துக்குக் கட்டும் பங்குத்தொகையில் கடந்த 12 மாதப் பாக்கியும், அதற்கு மேல் இன்னொரு 12 மாதத் தொகையும் கட்டவேண்டும். ஆயர்களின் ஓய்வூதிய நிதியில் உள்ள பற்றாக்குறையில் தன் பங்கையும் கொடுக்கவேண்டும். பிறகு அந்தப் பகுதிச் சபைகளெல்லாம் அடங்கிய அமைப்பான வருடாந்திர மாநாடு ஒப்புதல் தரவேண்டும். எல்லாம் 2023 டிசம்பர் 31-க்குள் முடியவேண்டும். இதற்கு மேல் சொத்து மதிப்பில் ஒரு பங்கு கேட்ட பகுதிகளும் உண்டு.

ஓய்வூதியத் தொகை கேட்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஆயருக்குக் கொடுத்த வாக்கு அது. என் வருத்தம் கெடுவின் மீதும் அந்த மூன்றில் இரண்டின் மீதும்தான்.

அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று பாருங்கள். மாவட்டக் கண்காணிப்பாளர் தலைமை ஏற்பார். வாசலில் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். நோயில் படுத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார். பத்து வருடமாக ஆராதனைக்கே வராத, ஆனால் பட்டியலில் பெயருள்ளவர் அன்று வந்தால் வாக்களிப்பார். 100 பேர் வந்தால் 67 வேண்டும். 66 விழுந்தால் பெரும்பான்மை மனக்கசப்போடு தங்கும், அல்லது கட்டடத்தை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் போகும். 67 விழுந்தால் 33 பேருக்கு அடுத்த ஞாயிறு போக இடமில்லை. அவர்களுக்காகச் சில பகுதிகளில் கலங்கரை விளக்கச் சபைகள் என்று அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அம்மாவின் கல்லறை பழைய வளாகத்தில் இருக்கிறதே. சீட்டில் அச்சிட்ட கேள்வி திருச்சபையை விட்டு விலகுவதா என்பது மட்டும். அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் அது வேறு கேள்வியாகத்தான் கேட்டிருக்கும். எண்ணிக்கையை வாசித்த பிறகு, யார் எப்படி வாக்களித்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடும் நிலைக்கு மக்களைத் தள்ளியது சட்டம்தான்.

இன்னொன்று. 2019-ல் வென்றவர்கள் பாரம்பரியத் தரப்பு. தோற்றவர்கள்தான் இந்த வழியில் போவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. விதி சட்டநூலில் இருந்தபோதிலும் பல பகுதிகள் அதை நடைமுறைப்படுத்தவில்லை, ஆகவே வென்றவர்களே வெளியேறினார்கள். தங்கள் சொந்தச் சட்டநூலை நம்ப முடியாமல் போனது அவர்களுக்கு உண்மையான காயம். மேலே இருந்தவர்களில் பலர் அதை மதிக்கவில்லை.

இதைவிட நல்ல வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க் நடுவராக இருந்து இரு தரப்பையும் ஒரு உடன்படிக்கைக்குக் கொண்டுவந்தார். புதிய பாரம்பரியத் திருச்சபைக்கு 2.5 கோடி டாலர். வருடாந்திர மாநாடு முழுவதுமாகவே 57 சதவீத வாக்கில் பிரிந்துபோகலாம். சொத்துக்கு விலை கிடையாது. பிரிவின் சுமையை மேல்மட்டம் ஏற்றுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சிறு சபையும் தன்னைத்தானே அறுத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்காது. கொரோனாவால் பொது மாநாடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2024 ஆனது. பொறுமை இழந்தவர்கள் 2022 மே 1-ல் குளோபல் மெதடிஸ்ட் சர்ச் என்ற புதிய பாரம்பரியத் திருச்சபையைத் தொடங்கினார்கள். உடன்படிக்கை செத்தது. மிச்சமிருந்த ஒரே கதவு 2553, அதற்கும் பூட்டுப்போடும் தேதி குறித்தாயிற்று. அந்த அவசரம் பலரைத் தள்ளியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2024-ல் சார்லட் நகரில் கூடிய பொது மாநாட்டில் குருத்துவத் தடை 692-க்கு 51 என்று விழுந்தது. இதை மனமாற்றம் என்று கொண்டாடுவது தவறு. எதிர்த்திருப்பவர்களில் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். விசா கிடைக்காமல் வர முடியாத ஆப்பிரிக்கப் பிரதிநிதிகளும் பலர். தன்பாலினத் திருமணம் நடத்தும் ஆயரையும் தண்டிக்கக்கூடாது, நடத்த மறுப்பவரையும் தண்டிக்கக்கூடாது என்று அதே மாநாடு எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன். இதை 2019-ல் எழுதியிருக்கவேண்டும்.

பிராந்தியங்கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்ளும் திருத்தமும் அங்கே நிறைவேறி, வருடாந்திர மாநாடுகளின் ஒப்புதலை 2025-ல் பெற்றது. ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், ஐரோப்பா ஆகிய பகுதிகளுக்குச் சட்டநூலைத் தங்களுக்கேற்ப மாற்றும் உரிமை முன்பே இருந்தது. அமெரிக்காவுக்குத்தான் அப்படியொரு மன்றம் அன்று இல்லை. அதனால் அமெரிக்க விவகாரமெல்லாம் உலகம் முழுவதற்குமான பொது மாநாட்டுக்கு வந்தது. இதே திசையிலான திருத்தங்கள் 2009-லேயே வருடாந்திர மாநாடுகளின் வாக்கெடுப்புக்குப் போய்த் தோற்றன. அன்றே வென்றிருந்தாலும் அமெரிக்கத் தென்மாநிலச் சபைகள் தங்கியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஐவரி கோஸ்ட் நாட்டுத் திருச்சபை, சார்லட் மாநாடு முடிந்த அதே மாதம் விலக வாக்களித்ததே, அதைத் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதே கேள்வி நாளை வேறு திருச்சபைகளின் மேசைக்கும் வரும். அங்கே உட்காருகிறவர்களிடம் நான் கேட்பது: கெடுத் தேதியைக் கடைசியில் எழுதுங்கள். சிறுபான்மை எங்கே ஆராதிக்கும், கல்லறைத் தோட்டம் யார் பொறுப்பு, உயில் வழி வந்த நிதி யாருக்கு, எந்தத் தேதி வரையுள்ள உறுப்பினர் பட்டியல் செல்லும் என்பதையெல்லாம் முதலில் எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு சீட்டு அச்சடிக்கலாம்.